அந்த மெயின் போர்டை உடைக்க வேண்டாம்

அனுப்புநர்
தராசு பழுது பார்ப்பவர்,
இரண்டாம் மாடி, பின்பக்க வீடு,
மொத்தக் காய்கறிச் சந்தைக்கு எதிர்த் தெரு.

பெறுநர்
உயர்திரு நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
நுகர்வோர் குறைதீர் அலுவலகம்.

பொருள்: ஆதரவுப் பட்டியலில் இல்லாத இயங்குதளம் கொண்ட கணினியின் வழியே ஃபர்ம்வேர் ஏற்றியதில் இயங்காமற்போன கேமரா – அதன் மெயின் போர்டைக் கழற்றி அழிக்க சர்வீஸ் சென்டர் முடிவு செய்துள்ளமை – அதை நிறுத்தி, போர்டில் உள்ள ஒரே ஒரு பதிவை மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சர்வீஸ் சென்டரின் ஒப்புகைச் சீட்டு, 17ஆம் தேதி.
2. சர்வீஸ் சென்டர் மேலாளரின் கடிதம், 22ஆம் தேதி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கேட்பது ஒன்றே ஒன்று. மேற்படி சர்வீஸ் சென்டரில் இருக்கும் என் கேமராவின் மெயின் போர்டை வரும் வெள்ளிக்கிழமை காலை வண்டியில் ஏற்றி, தலைமைக் கிடங்குக்கு அனுப்பி, நசுக்கிவிடப் போகிறார்கள். தாங்கள் அதைத் தடுக்க வேண்டும். அந்த போர்டுக்குள் என் மனைவியின் குரல் நான்கு நிமிடம் பத்து நொடிக்கு இருக்கிறது. அவருக்கு இப்போது குரல் இல்லை.

2. கேட்பதை முதல் பத்தியிலேயே கேட்டுவிட வேண்டும் என்பது என் மனைவியின் உத்தரவு. அவர் குடிநீர் வாரியத்தின் புகார்த் தொலைபேசியில் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றியவர். ஒரு நாளைக்கு நூறு பேர் கத்துவதைக் கேட்டுக்கொண்டு, "கோபம் இருக்கட்டும்ங்க, முதல்ல தெரு பேரைச் சொல்லுங்க" என்று அடக்கி, அவரவர் குழாயில் தண்ணீர் வரவைத்தவர். நான் முதலில் எழுதிய மனுவில் விஷயம் மூன்றாம் பக்கத்தில்தான் வந்தது. அதைப் படித்துவிட்டு, கையோடு வைத்திருக்கும் எழுதி அழிக்கும் பலகையில், "இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த ஆபீசர் ரிட்டயர் ஆயிடுவாரு" என்று எழுதிக் காட்டினார். ஆகவே தங்கள் கையில் இருப்பது இரண்டாவது மனு. இதிலும் சில இடங்களில் கோடு போட்டிருக்கிறார். அவற்றை நான் நீக்கவில்லை.

3. நான் இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தராசு பழுது பார்த்து வருகிறேன். சந்தையில் தராசுக்காரர் என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். கூட்டியோ குறைத்தோ சொல்லும் பழக்கம் தொழிலால் எனக்கு இல்லாமற் போயிற்று. எனவே என் பக்கத்துத் தவறையும் உள்ளது உள்ளபடி கீழே எழுதியிருக்கிறேன். பார்வை 1இல் கண்ட ஒப்புகைச் சீட்டில் என் கேமராவைச் "சுமார் அரைக் கிலோ" என்று குறித்திருக்கிறார்கள். பேட்டரியுடன் அதன் எடை நானூற்றுப் பன்னிரண்டு கிராம். இதை நான் புகாராகச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

4. கேமரா வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. உத்தரவாதம் இரண்டு ஆண்டு. பழுது பார்க்கும் முன்பும் பின்பும் தராசு என்ன காட்டுகிறது என்று படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு "நீ தொட்டதிலிருந்துதான் கெட்டுப்போச்சு" என்று யாரும் வாய் திறக்க முடியாது. அதற்காகத்தான் வாங்கினேன்.

5. இவ்வாண்டு தொடக்கத்தில் என் மனைவிக்குத் தொண்டையில் புற்று இருப்பது தெரிந்தது. குரல்வளையை முழுவதும் எடுத்தால் உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் சொன்னார். வெளியே வந்ததும் என் மனைவி, "அப்போ நீங்க ஜெயிச்சீங்க, இனிமே வீட்ல நீங்க பேசறதுதான்" என்றார். தங்களுக்கு என் மனைவியின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய குரல். மாடியில் நின்று அவர் காய்க்காரரிடம் பேசினால் மூன்று வீட்டுக்கும் சேர்த்து விலை தெரியும். பாட்டு வராது. கோபம் வந்தால் கத்துவார். கோபம் இல்லாதபோதும் ஏறக்குறைய அப்படித்தான். முப்பத்தோரு ஆண்டுகளாக அந்தச் சத்தத்துக்குள்தான் நான் குடியிருந்தேன். அது போகப் போகிறது என்று தெரிந்த அன்று, சந்தையில் ஒரு வாழைக்காய் மண்டித் தராசின் முன்னால் உட்கார்ந்து நான் அழுதேன். மண்டிக்காரர், தராசு அவ்வளவு மோசமாகக் கெட்டுவிட்டதா என்று கேட்டார்.

6. அறுவை சிகிச்சை ஒரு செவ்வாய்க்கிழமைக்குக் குறிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்து, ஒரு மணி நேரமாவது பேசச் சொல்லி, வீடியோ எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். அவரிடமும் சொன்னேன். "என்னத்தைப் பேசறது, ஒண்ணும் வராது போங்க" என்றார். அந்த வாரமே கேமரா நிறுவனத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. இந்த வகைக் கேமராக்களில் வீடியோவின் ஒலி இடையிடையே விட்டுப்போகும் குறை ஒன்று இருக்கிறது என்றும், புதிய ஃபர்ம்வேரை, அதாவது கேமராவுக்குள்ளிருந்து அதை இயக்கும் மென்பொருளை, உரிமையாளர்களே இணையதளத்திலிருந்து இறக்கி ஏற்றிக்கொண்டால் குறை தீரும் என்றும் அதில் இருந்தது. எடுக்கப்போவதே குரலுக்காக. அதில் ஒலி விட்டுப்போனால் என்ன பயன்? ஏற்றியே ஆக வேண்டும் என்று நினைத்தேன். நான் செய்தது பேராசையால் அல்ல, விளையாட்டாகவும் அல்ல என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

7. இறக்கும் பக்கத்துக்குப் போனால், ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் இரண்டு இயங்குதளங்களுக்கு மட்டும் இரண்டு பொத்தான்கள் இருந்தன. என் வீட்டுக் கணினியில் இருப்பது அவ்விரண்டும் அல்ல. கணினி பழையது. போன வருடம் அது கொட்டாவி விட ஆரம்பித்தபோது, கல்லூரியில் கணினி ஆய்வகம் பார்த்துக்கொள்ளும் என் மைத்துனர், அதாவது என் மனைவியின் தம்பி, இலவசமாகக் கிடைக்கும் வேறொரு இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து அது நன்றாகவே ஓடுகிறது. அவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "அத்தான், கேமராவுக்கு உங்க கம்ப்யூட்டர் எதுன்னே தெரியாது. அது பாக்கறது மெமரி கார்டை மட்டுந்தான். அந்த ஃபைலுக்குள்ள இருக்கறதைப் பிரிச்சு எடுத்து கார்டுல போட்டாப் போதும். ஆனா ஒண்ணு, 'இப்போ எடுக்கலாம்'னு திரையில சொன்ன அப்புறந்தான் கார்டை உருவணும். அதுக்கு முன்னாடி தொட்டுடாதீங்க" என்றார். இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

8. எங்கள் தொழிலில் எதைச் சரிபார்ப்பதானாலும் முதலில் தட்டைக் காலி செய்து, துடைத்து, முள்ளைச் சுழியத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கை அப்படியே பழகிவிட்டது. ஃபர்ம்வேரைச் சனிக்கிழமைதான் ஏற்றுவதாக இருந்தேன். ஆனாலும் புதன்கிழமை மாலையே கார்டைக் கழற்றி, அதிலிருந்த தராசுப் படங்களைக் கணினிக்கு மாற்றி, கார்டைச் சுத்தமாகத் துடைத்து, எடைக்கற்கள் வைக்கும் பெட்டியில் ஒரு துணியில் சுற்றி வைத்துவிட்டேன். கேமரா கார்டு இல்லாமல் அலமாரியில் இருந்தது. இதை மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று நாள் முன்னதாகக் கார்டைக் காலி செய்து எடைக்கல் பெட்டியில் வைக்கிறவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று என் மைத்துனர் பிற்பாடு சொன்னார்.

9. சனிக்கிழமை மதியம் கோப்பைப் பிரித்து கார்டில் போட்டேன். நகலெடுக்கும் கோடு முழுவதும் நிரம்பிவிட்டது. "இப்போது எடுக்கலாம்" என்ற சொல் இன்னும் வரவில்லை. அந்த நேரம் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. படுக்கை ஒன்று காலியாகியிருக்கிறது, நான்கு மணிக்குள் வந்து சேருங்கள், நாளைக் காலையே அறுவை சிகிச்சை, செவ்வாய்க்கிழமை இனி இடமில்லை, இதை விட்டால் மூன்று வாரம் தள்ளிப்போகும் என்றார்கள். நான் கார்டை உருவிவிட்டேன். இது என் தவறு. இயங்குதளத்தின் தவறு அல்ல. என் கையின் தவறு. கோடு நிரம்பியிருந்தாலும் உள்ளே எழுதுவது முடிந்திருக்காது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. போகிற வண்டியிலாவது நாலு வார்த்தை எடுத்துவிடலாம் என்ற அவசரத்தில் கார்டைக் கேமராவில் போட்டு, ஏற்றச் சொல்லி அழுத்தினேன். பாதிவரை போய்த் திரை இருண்டது. அதன் பிறகு அது கண் திறக்கவில்லை.

10. வண்டியில் என் கைபேசியை எடுத்து நீட்டி, "ஏதாவது பேசு" என்றேன். "கேஸை மூடினீங்களா?" என்று கேட்டார். மூடினேன் என்றேன். "போய்ப் பாத்தீங்களா, சும்மா சொல்றீங்களா?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். மருத்துவமனை வாசல்வரை விடவில்லை. உள்ளே போனதும் அவரைப் பரிசோதனைகளுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கைபேசியில் பதிந்தது பதினோரு நொடி. அது என்னிடம் இருக்கிறது. இதைத் தவிர, "வரும்போது பால்", "எங்க இருக்கீங்க", "எத்தனை தடவை கூப்பிடறது" என்று அவர் அனுப்பிய மூன்று குரல் செய்திகளும் இருக்கின்றன. "வேற ரெக்கார்டிங் ஒண்ணும் இல்லையா சார்?" என்று பிறகு சர்வீஸ் சென்டர் மேலாளர் கேட்டதற்கு, இருக்கிறது என்று இவற்றைத்தான் போட்டுக் காட்டினேன்.

11. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பதினாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். வந்த மறுநாள் காலை அவள் பலகையில், "கேமராவுல பாத்தீங்களா?" என்று எழுதினாள். எதை என்று கேட்டேன். என்னை முறைத்தாள். பிறகு எழுதினாள். வெள்ளிக்கிழமை காலை நான் சந்தைக்குப் போயிருந்தபோது, இஸ்திரி போட்ட துணி அடுக்கின் மேல் கேமராவை நிறுத்தி, தானாகவே பேசி எடுத்து வைத்தாளாம். எனக்காக. ஞாயிற்றுக்கிழமை நான் எதிரில் உட்கார்ந்திருந்தால் பேச்சு வராது, அழுதுவிடுவோம் என்று தெரியுமாம். நான்கு நிமிடம் பத்து நொடியில் அதுவே நின்றுவிட்டதாம். "நான் இன்னும் முடிக்கல" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாள். என்ன பேசினாய் என்று கேட்டேன். எழுத மாட்டாளாம். கேட்டுக்கொள்ள வேண்டுமாம். (மனுவில் "அவர்" என்றுதான் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும் ஐயா. இந்தப் பத்தியில் முடியவில்லை.)

12. கார்டு அன்று எடைக்கல் பெட்டியில் இருந்தது. அப்படியானால் அவர் பேசியது எங்கே போயிற்று? மைத்துனர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். கார்டு இல்லாவிட்டால் இந்தக் கேமரா தனக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகத்தில் பதியும். அது நிறைந்ததால்தான் பதிவு தானே நின்றிருக்கிறது. அந்த நினைவகம் தனியாகக் கழற்றக்கூடிய பொருள் அல்ல. மெயின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஃபர்ம்வேர் கெட்டாலும் அதில் இருப்பது அழியாது. இதைக் கேட்டதும் என் மனைவி தம்பியின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். அன்று மதியமே கேமராவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

13. அங்கே எல்லோரும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அதையும் எழுத வேண்டும். மேலாளர் படிவத்தை நிரப்பும்போது, எந்தக் கணினியிலிருந்து ஏற்றினீர்கள் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். "உங்க கம்ப்யூட்டரே எங்க லிஸ்ட்ல இல்லையே சார்" என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து ஒட்டினார். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் வாடிக்கையாளர் கைவைத்த பொருள் என்று அர்த்தமாம். அப்படிப்பட்டதில் பழைய போர்டைத் திரும்ப இயக்கிப் பார்க்க விதியில் இடமில்லை; கழற்றி, புது போர்டு போட்டு, பழையதைக் கிடங்குக்கு அனுப்பி நசுக்குவதுதான் முறையாம். புது போர்டை இலவசமாகவே தருகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளாததைப் பார்த்து, "சரி சார், புதுக் கேமராவே தர்றோம், எடுத்துட்டுப் போங்க" என்றும் சொன்னார். அவர் நல்ல மனிதர். நான் கேட்பது அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புதியது எதுவும் வேண்டாம் என்று ஒரு மணி நேரம் சொல்லிப் பார்த்தேன். பார்வை 2இல் கண்ட கடிதத்தில், "வாடிக்கையாளர் மேம்பட்ட மாற்றுப் பொருளை ஏற்க மறுக்கிறார்" என்று எழுதியிருக்கிறார்கள். மேம்பட்டது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

14. அங்கே பழுது நீக்கும் ஒருவர், நான் படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, "கேபிள் மாட்டி நேரா ஃபர்ம்வேர் ஏத்தினா இருபது நிமிஷ வேலைங்க. கேமரா எழுந்துக்கும். உள்ள இருக்கறதை அப்படியே எடுத்துடலாம். ஸ்டிக்கர் ஒட்டிட்டதால எங்க கை கட்டிப்போச்சு" என்று சொன்னார். அவர் யார், ஆணா பெண்ணா, எந்த மேசை என்று நான் எழுத மாட்டேன். தாங்கள் கேட்டாலும் சொல்ல மாட்டேன். இருபது நிமிடத்தில் ஆகக்கூடியது என்பதை மட்டும் தாங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

15. சட்டப்படி எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். குறை கேமராவில் இருக்கிறது என்று அறிவித்ததே நிறுவனம்தான். நீங்களே ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் அவர்கள்தான். கேமராவின் பெட்டியில் "கணினி தேவை" என்று அச்சடித்திருக்கிறார்களே தவிர, இன்ன இயங்குதளம் உள்ள கணினி என்று அச்சடிக்கவில்லை. பெட்டியை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதற்கு மேல் வாதாட எனக்குத் தெரியாது. இந்த வரியில் என் மனைவி, "போதும், வக்கீல் வேலை வேண்டாம்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

16. ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து,

(அ) வெள்ளிக்கிழமை வண்டியில் என் போர்டு ஏறாதபடி உடனே ஒரு வரி உத்தரவு அனுப்ப வேண்டும். தொலைபேசியில் சொன்னாலும் போதும். மேலாளர் சொல் கேட்பவர்.

(ஆ) கேபிள் மூலம் ஒரே ஒரு முறை ஃபர்ம்வேரை ஏற்றி, உள்நினைவகத்தில் உள்ள அந்த ஒரு வீடியோவைப் பிரதி எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். பிறகு உத்தரவாதம் வேண்டாம் என்று எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுகிறேன். போர்டை அதன்பின் நசுக்கட்டும்.

(இ) அது முடியவே முடியாது என்றால், கெட்ட போர்டைக் கெட்டபடியே என் கையில் கொடுக்கச் சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் எங்காவது இருப்பார். நான் தேடிக்கொள்கிறேன்.

(ஈ) பிரதி எடுத்தபின் அது சரியாக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம் என்று அறிகிறேன். அப்போது படம் அசைகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லவும். ஒலியை முழுவதும் குறைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லவும். ஒலி இடையிடையே விட்டுப்போயிருந்தால் பரவாயில்லை. அவர் பாதி சொன்னதும் மீதியை நான் புரிந்துகொள்வது இத்தனை வருடப் பழக்கம்தான். ஆனால் முதலில் கேட்கிறவன் நானாக இருக்க வேண்டும்.

வீட்டில் இப்போது மிகவும் அமைதியாக இருக்கிறது ஐயா. மாடிப்படியில் யார் ஏறினாலும் செருப்புச் சத்தம் கேட்கிறது. இதற்கு முன் அது எனக்குக் கேட்டதே இல்லை. என் மனைவி நன்றாக இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், என்னை வேண்டாத அளவுக்குத் திருத்துகிறார். அதற்காக நான் நன்றியோடு இருக்கிறேன். அதற்கு மேல் ஒன்று கேட்பது பேராசை என்று தாங்கள் நினைத்தால், ஆம், பேராசைதான். அதையும் சேர்த்தே கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
தராசுக்காரர்

இடம்: வீடு
நாள்: 23, செவ்வாய்க்கிழமை

இணைப்பு: ஒப்புகைச் சீட்டின் நகல், மேலாளர் கடிதத்தின் நகல், நிறுவன அறிவிப்பின் அச்சுப் பிரதி, கேமராவின் காலிப் பெட்டி ஒன்று.

(கடைசித் தாளின் பின்பக்கத்தில், வேறு கையெழுத்தில்)

ஐயா,

நான் அவரோட மனைவி. மனுவை ஸ்பீட் போஸ்ட்ல சேர்க்கறது என் பொறுப்பு. கவரை ஒட்டறதுக்கு முன்னாடி இதை எழுதறேன். அவருக்குத் தெரியாது, நீங்களும் சொல்ல வேண்டாம்.

அஞ்சாவது பத்தியில நான் கத்துவேன்னு எழுதியிருக்காரு. அது உண்மைதான், இருக்கட்டும்.

பத்தொன்பது வருஷம் மத்தவங்க புகாரை எழுதி எழுதி மேல அனுப்பினவ நான். எனக்குன்னு எதுவும் கேட்டதில்ல. இப்போ கேக்கறேன்.

அந்த வீடியோவுல பெரிய சேதி ஒண்ணும் இல்லீங்க. எந்த மாத்திரையை எப்போ போடணும், சட்டைப் பொத்தான் எந்த டப்பாவுல இருக்கு, மழை வந்தா பின்பக்க ஜன்னலை எப்படித் தள்ளிச் சாத்தணும், அதுதான் பேசியிருக்கேன். எல்லாத்தையும் பலகையில எழுதிக் காட்டிடலாம். வீடியோவுல இருக்கறது இதுதான்னு சொல்லாம, காட்டியும் ஆச்சு.

ஆனா பேச ஆரம்பிக்கறப்போ ஒண்ணு செஞ்சேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவரை நான் "ஏங்க"ன்னுதான் கூப்பிட்டிருக்கேன். அன்னிக்கு வீட்ல யாரும் இல்ல. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் தடவை சரியா வரல, சிரிச்சுட்டேன். ரெண்டாவது தடவை நல்லா வந்துச்சு.

எழுதிக் காட்டினா அது வெறும் பேரு. கேஸ் புத்தகத்துலகூட இருக்கு. அதை அவர் காதால கேக்கணுங்க.